மண்டோரம்மாவின் மேற்கு

படகு ஆற்று வாயைத் தாண்டியதும் மண்டோரம்மா மீன் வாளிக்குள் தலையை விட்டார். தீவு வரும்வரை வெளியே எடுக்கவில்லை.

நாங்கள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனோம். தோட்டத்து வேலை மேஸ்திரியான மண்டோரின் பெண்டாட்டிக்கு ஏற்ற அகலமான முதுகு. மாம்பழ நிறச் சேலை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு நடுவே, அந்த முதுகு நடந்து வந்தால் பிள்ளைகள் ஒதுங்குவார்கள், நாய்கூட வாலை இடுக்கிக்கொண்டு வழி விடும். கடல் வழி விடவில்லை.

"இந்த எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் மோந்து பாருங்க, மண்டோரம்மா" என்றார் அம்மா.

"நீயே வச்சுக்க. உங்க கடலுக்குப் புழிஞ்சு விடு, அதுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று வாளிக்குள்ளிருந்து பதில் வந்தது.

என் அக்கா பாக்கியம் முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அந்த முதுகுக்குத்தான் அவள் மருமகளாகப் போவதாகப் பேச்சு.

படகின் முன்னால் மண்டோரம்மாவின் மகன் ரெங்கசாமி துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காக்கி உடுப்பு, தொப்பி, பாலிஷ் போட்ட பூட்ஸ். கம்யூனிஸ்டுகள் நீந்தி வருவார்கள் என்பதுபோல அலைகளை முறைத்துக்கொண்டிருந்தார். பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தவர் பாசிர் பெனம்பாங் மீனவர் ஆ லெக். அவர் யாரையும் முறைக்கவில்லை. தன் வாளியை மட்டும் கவலையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

வானம் விடிந்ததிலிருந்தே பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது. சூரியன் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. பிறகு வந்த சண்டைக்கு அதுதான் காரணம்.

தீவுக்காரங்க

நாங்கள் தீவில் குடியிருந்ததைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் சுங்கை பெசார் சந்தையில் என்னை நிறுத்தி, "அந்தத் தீவுல மனுஷன் இருந்தானா? பாம்புதானே இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது. "ரெண்டும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டோடு வந்துவிட்டேன்.

இருந்தோம். ஒரே ஒரு வரிசை லயம், கொப்பரை வாட்டும் கொட்டகை, ஒரு கிணறு, கரையோரம் துறைக்காளியம்மன். மற்றதெல்லாம் தென்னைமரம்.

காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. தீவிலிருந்து அந்தக் காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போகிறது என்று யாரோ சொன்னார்களாம். எங்களுக்கே சாமான் படகு ஒழுங்காக வராது. மழைக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, நாளைக்கும் கிழங்குதானா என்று கேட்டுக்கொண்டு படுப்போம். நாங்கள்தான் ஒரு பட்டாளத்துக்கே சோறு போட்டோமாம்! ஒருநாள் காலையில் போலீஸ் படகு வந்து, கையில் எடுத்ததோடு ஏறச் சொன்னது. கோழிகளைப் பிடிக்க நேரமில்லை. அம்மனைப் பெயர்த்தெடுக்க யாருக்கும் துணிச்சலில்லை. இரண்டையும் விட்டுவிட்டு வந்தோம்.

கொண்டுவந்து இறக்கிய இடம் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். சுற்றிலும் முள்கம்பி வேலி. கேட்டில் காவல், சோதனை. அங்கே எங்களுக்குப் பேர் தீவுக்காரங்க. எங்களுக்குப் பால் வெட்டத் தெரியாது. எங்கள் துணியில் கொப்பரைப் புகை வாசம் போகாது. குழாயடிக்குப் போனால் ஒருத்தி மூக்கைப் பொத்துவாள். கடல் நாற்றமாம். அவளே வீட்டில் கருவாட்டுக் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

ஐசி படித்த ஆள்

ரெங்கசாமிக்கு அந்தக் கேட்டில்தான் வேலை. எல்லாருடைய ஐசியையும், அதாவது அடையாள அட்டையையும், வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார். மற்றவர்கள் ஐசிக்கு ஒரு பார்வை. அக்காவின் ஐசியை மட்டும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிப்பார்.

"அவ்வளவு நேரம் படிக்க அதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று ஒருநாள் அக்கா கேட்டாள்.

"படம் சரியா விழலை. நேருல பாத்துத்தான் சரிபாக்கணும்."

"பின்னால நிக்கிறவங்க மூஞ்சியையும் அப்படியே சரிபாருங்க. எங்க மாரிக் கிழவி காலையிலேருந்து காத்துக்கிட்டு நிக்குது."

இப்படித்தான் ஆரம்பம். அக்காவுக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினால் பாதி ஆள்தான் மிஞ்சுவார் என்று நான் சொன்னேன். "எனக்கு அந்தப் பாதி போதும்டி" என்றாள்.

மகன் போய்த் தகப்பனிடம் சொன்னார். மண்டோர் நல்ல மனுஷர். நாலு பேர் முன்னால், "அந்தப் பொண்ணையே எடுத்துக்குவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிறவர் சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? மறுநாளே வரிசையில் நிற்கிறவன் சிரிப்பான்.

மண்டோரம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. சுங்கை ஆயர் தாவாரில் மளிகைக் கடைக்காரர் மகள் ஒருத்தியை அவர் மனதில் குடிவைத்திருந்தார். ஆனால் புருஷன் கொடுத்த வாக்கை நேராக மீற முடியாது. அதனால் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டார்.

ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"பொண்ணு எடுக்கணும்னா அவங்க வீட்டுச் சாமிகிட்ட உத்தரவு கேக்கணும். அதான் எங்க வழக்கம். உங்க சாமி எங்க இருக்கு? நட்ட நடுக் கடல்ல. பூசை இல்ல, விளக்கு இல்ல. பட்டினி போட்டுட்டு வந்திருக்கீங்க. அவ அந்தக் கோவத்தோட எங்க வீட்டு வாசப்படி ஏறுனா யாரு பதில் சொல்றது?"

"என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார் அம்மா.

"அவ முன்னால பொங்க வைக்கணும். கிழக்கே பொங்கி வழிஞ்சா கல்யாணம். இல்லன்னா அவங்கவங்க வழிய அவங்கவங்க பாத்துக்குவோம்."

மற்ற வீடுகளில் வடக்கே பொங்கினாலும் நல்லதுதான். மேற்கும் பரவாயில்லை என்பவர்கள் உண்டு. மண்டோரம்மா மூன்று திசைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

அது மட்டுமில்லை. தீவுக்குப் போக அனுமதி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். கிடைத்தாலும், வேகாத அரிசி ஒரு மணிகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பதும் தெரியும். அரிசி இல்லாமல் எதைப் பொங்குவது? நடக்காத காரியமாகப் பார்த்துத்தான் கேட்டார்.

"விட்டுரலாமா?" என்றார் அப்பா. அப்பா எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

அம்மா விடவில்லை. மண்டோர் வீடு தள்ளிவிட்ட பெண் என்று பேர் விழுந்தால், அந்த வேலிக்குள் அக்காவை வேறு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். வேலிக்கு வெளியே போய் மாப்பிள்ளை தேடவும் அப்போது வழியில்லை. அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

துளை போட்ட பால்

அனுமதி கிடைத்துவிட்டது. கொடுக்க வைத்தவர் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி. அவருக்கு அம்மன்மேல் பக்தி ஒன்றுமில்லை. தீவில் தேங்காய்கள் விழுந்து சும்மா கிடக்கின்றன என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். 'தோட்டத்து மரங்களைப் பார்வையிட' என்று துரையிடம் சொல்லி, போலீஸிடமும் பேசி ஒருநாள் அனுமதி வாங்கினார். எங்களோடு கோணிச்சாக்குகளையும் அனுப்பினார். சாமி கும்பிடுகிற கையோடு சாக்கையும் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

அரிசிக்கு மட்டும் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு தூக்குச்சட்டி வெந்த சோறு கொண்டுபோகலாம் என்றார்கள்.

விடிகாலையில் கேட்டில் சோதனை. சோதனை போடும் பெண் தூக்குச்சட்டியில் விரலை விட்டு, சோறு வெந்திருக்கிறதா என்று நசுக்கிப் பார்த்தாள். அக்காவின் கொண்டையை அவிழ்த்தாள். மண்டோரம்மாவின் கொண்டையையும் அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சவுரி வந்தது. அது அதுவரை லயத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி. அன்றைய நாள் எங்களுக்கு நன்றாகத்தான் தொடங்கியது.

பாலுக்கு ஒரு டின் வாங்கியிருந்தோம். அப்போது பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே துளை போட்டுத்தான் தர வேண்டும். மூடிய டின்னாக இருந்தால் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். துளை போட்டால் கெட்டுப்போவதற்குள் நாமே குடித்துவிடுவோமாம். துரை பங்களாவுக்குப் போகும் டின்களில் துளை கிடையாது. துரை வீட்டுக்குப் போகிறோம் என்று அந்த டின்களுக்கே தெரியும்போலிருக்கிறது.

"சாமி பாலு என் கையில இருக்கட்டும். உங்களுக்குப் பொறுப்பு பத்தாது" என்று மண்டோரம்மா அந்த டின்னை வாங்கித் தன் வெற்றிலைக் கூடையில் வைத்துக்கொண்டார். படகில் ஏறினோம். வாளியைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் கூடையை விட்டுவிட்டார். கூடை கவிழ்ந்தது. பால் முழுவதும் வெற்றிலைக்கும், அவர் மாற்றிக் கட்ட வைத்திருந்த சேலைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் கரை இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் ஆ லெக் ஒரு மணல் திட்டைச் சுற்றி வளைத்து, பழைய படகுத்துறைக்குக் கொண்டுபோய்ப் படகை நிறுத்தினார். துறையில் மரக்கால்கள்தான் மிச்சம். மண்டோரம்மா வாளியிலிருந்து தலையை எடுத்து, "இதுதானா?" என்றார். ஒரு தீவையே அப்படி ஒரே வார்த்தையில் அவமானப்படுத்த அவரால்தான் முடியும்.

ஆரஞ்சு தின்ற அம்மன்

அழுகை வரும் என்று எதிர்பார்த்து அம்மா முந்தானையைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு எங்கள் பழைய வீட்டுக்கு நடந்தார். கூரைத் தகரம் போய்விட்டது. யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுப்படியில் தேங்காய் ஒன்று விழுந்து முளைத்திருந்தது. வாசலில் நாங்கள் நின்றபோது உள்ளேயிருந்து பெரிய உடும்பு ஒன்று வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதுபோலத் தலையைத் தூக்கியது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். அழுகை வரவில்லை.

கோழிகளையும் பார்த்தோம். மரத்துக்கு மரம் காக்காய்போலப் பறந்தன. "பா, பா, பா" என்று அம்மா கூப்பிட்டார். ஒன்றும் திரும்பவில்லை. "நம்ம கையில தின்ன நன்றி இருக்கா பாரு" என்றார். அந்தக் கையில் தின்ற கோழிகளைக் கடைசியில் யார் தின்றது என்று நான் கேட்கவில்லை.

பிறகு அம்மனைப் பார்க்கப் போனோம். அங்கேதான் ரெங்கசாமி கத்தினார்.

"யாரோ இருக்காங்க! எல்லாரும் கீழ படுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் படுத்துவிட்டார். அம்மாவும் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். மண்டோரம்மா நின்றுகொண்டே இருந்தார். படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டுமே.

நிமிர்ந்து பார்த்தேன். பாசி பிடித்துக் காய்ந்து கிடக்கும் என்று நினைத்த அம்மன், புத்தம்புதுச் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். முன்னால் ஒரு டின் நிறைய மணல். அதில் சீன ஊதுவத்திகள். பக்கத்தில் மூன்று ஆரஞ்சுப் பழங்கள்.

"செவப்புத் துணி! அவங்க கொடிதான் ஆத்தா அது" என்று தரையிலிருந்து ரெங்கசாமியின் குரல் வந்தது.

அந்த நேரத்தில் ஆ லெக் வாளியைக் கழுவிக்கொண்டு மெல்ல வந்தார். அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டார். உருண்டிருந்த ஓர் ஆரஞ்சை நேராக வைத்தார். தரையில் கிடந்த துப்பாக்கிக்காரரைத் தாண்டி வந்து, அம்மாவிடம் மலாய் மொழியில் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: காற்றும் மழையும் வந்தால் மீன்பிடிக்கிற நாங்கள் இங்கேதான் ஒதுங்குவோம். இந்த நேனெக், இந்தப் பாட்டி, நல்லவள். கும்பிட்டுவிட்டுப் போனால் வலை காலியாக வராது. துணி போன மாதம் என் பெண்டாட்டி தைத்துக் கொடுத்தது.

அம்மாவுக்கு வந்தது சந்தோஷமா பொறாமையா என்று எனக்கு விளங்கவில்லை. தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பேதி வந்தாலும், பட்டினி கிடக்கிற அம்மனின் கோபம் என்றே காரணம் சொல்லி வந்தோம். அவள் இங்கே ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமியைச் சீனனுக்கு வித்துட்டீங்களா?" என்றார் மண்டோரம்மா.

"விக்கலைங்க. நாங்க போனதும் அவளே வேற ஆள் தேடிக்கிட்டா" என்றார் அம்மா.

ரெங்கசாமி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். அக்கா அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு, "பூட்ஸ்லயும் இருக்கு" என்றாள்.

வெந்த சோறு

கூடையைத் திறந்து பார்த்தபோதுதான் பால் போன விவரம் தெரிந்தது. மண்டோரம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முகத்தில் ஒரு தெளிவே வந்துவிட்டது.

"பாத்தியா? பச்சரிசியும் இல்ல, பாலும் இல்ல. வெந்த சோறு எங்கேயாச்சும் பொங்குமா? அம்மனே வேணாங்கிறா லா. கிராணிக்குத் தேங்காயைப் பொறுக்கிக்கிட்டுக் கிளம்புவோம்."

அக்கா அதுவரை மண்டோரம்மாவுக்கு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"பொங்குறது சோறா, பாலா?"

"என்ன?"

"பால்தானே பொங்குது. சோறு சும்மா கூடத்தானே இருக்கு. கொஞ்சம் இருங்க."

விழுந்து கிடந்த தேங்காய்களில் காதருகே ஆட்டிப் பார்த்துப் பொறுக்கினாள். ஆ லெக்கின் கத்தியை வாங்கி உரித்தாள். கல்லில் அடித்து உடைத்தாள். துருவி கிடையாது. கரையில் ஒதுங்கிய பெரிய சிப்பி ஒன்றை எடுத்து, அதன் விளிம்பால் சுரண்ட ஆரம்பித்தாள். நானும் ஒரு சிப்பியை எடுத்துக்கொண்டேன். என் மூடியில் தேங்காயைவிட ஓடுதான் அதிகம் விழுந்தது. "நீ போயி சுள்ளி பொறுக்குடி" என்று விரட்டிவிட்டாள்.

கெட்டிப் பாலாகப் பிழிந்து, பொங்கலுக்குக் கொண்டுவந்திருந்த பானையில் கழுத்துவரை ஊற்றினாள். அம்மன் முன்னால் மூன்று கல் வைத்து, தென்னம்பாளையையும் காய்ந்த மட்டையையும் போட்டு எரித்தோம். சோறு ஒரு பிடி போட்டாள். நெருப்பு நாக்கை நீட்டியது. பானை கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாததுபோல இருந்தது.

"பொங்காதும்மா. நான் எத்தனை பொங்கல் பாத்தவ" என்றார் மண்டோரம்மா. அவர் உட்கார நாங்கள் கிராணியின் சாக்கை மடித்துப் போட்டிருந்தோம்.

அக்காவின் கழுத்தில் வியர்வை ஓடியது. நான் அம்மனைப் பார்த்தேன். ஆரஞ்சு கொடுத்தவன் பக்கம் சாய்ந்துவிடாதே தாயே என்றுதான் வேண்டினேன்.

பானையின் விளிம்பில் நுரை கட்டியது. ஏறியது. அக்கா இன்னொரு பாளையைத் தள்ளினாள். வெள்ளை வெளேரென்று எழும்பி, ஒரு பக்கமாக, ஒரே பக்கமாகக் கொட்டியது. அம்மா குலவை போட்டார். மரத்திலிருந்த கோழிகள் பயந்து கத்தின.

"நிறுத்து. எந்தப் பக்கம் வழிஞ்சுச்சு?" என்றார் மண்டோரம்மா.

"கடல் பக்கம். படகு நிக்கிற பக்கம்" என்றேன் நான்.

"அப்ப மேக்கு. முடிஞ்சுபோச்சு" என்று எழுந்துவிட்டார்.

கடல் இருக்கிற திசை

"மேக்கா? அது கிழக்குங்க!" அம்மா பழைய வீட்டுப் பக்கம் கையை நீட்டினார். "நாங்க இங்கேயே குடியிருந்தவங்க. எங்க வீட்டு வாசல்ல விடிஞ்சா வெயில் அடிக்கும். வாசலுக்கு நேரா இந்தத் துறைதான்."

"இந்தா பாரு. நான் கோலசிலாங்கூர்ல பொறந்து வளந்தவ. தெனமும் குன்று மேல ஏறி நின்னு பாத்திருக்கேன். சூரியன் கடல்லதான் எறங்கும். கடல் இருந்தா அது மேக்கு. எந்த ஊருல கடலு கிழக்கே இருக்கு?"

"இது தீவுங்க. சுத்தியும் கடல்தான்."

"அப்ப சுத்தியும் மேக்கு!"

வேறு நாளாக இருந்தால் அண்ணாந்து பார்த்துச் சூரியனைக் கேட்டிருக்கலாம். அன்று அதுவும் எங்கேயோ ஒளிந்துகொண்டது. கரை தெரிந்தால், அது இருக்கிற பக்கம்தான் கிழக்கு என்று காட்டலாம். மழை இறங்கி, கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கரையே இல்லாமல் போயிருந்தது. வரும்போது பார்த்திருந்தால் அவருக்கே தெரியும். அவர் பார்த்ததெல்லாம் வாளியின் அடிப்பக்கம்.

அம்மா ஆ லெக்கிடம் ஓடினார். "தவுக்கே, முதலாளி, கிழக்கு எது, கிழக்கு? நீங்க சொல்லுங்க." அவர் அம்மாவைப் பார்த்தார், மண்டோரம்மாவைப் பார்த்தார். இரண்டு பெண்களுக்கு நடுவில் திசை சொல்லிப் பிழைத்தவன் கிடையாது என்று தெரிந்த மனுஷர். "தண்ணி வத்துது. சீக்கிரம் கிளம்பணும்" என்று மலாயில் சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசியாக அம்மா ரெங்கசாமியிடம் திரும்பினார்.

"தம்பி, நீங்க வழியெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே வந்தீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவருக்குத் தெரியும். காலையிலிருந்து படகின் முன்னால் உட்கார்ந்து வந்தவர். அக்கா அன்று முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தன் ஆத்தாவைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"மழை வருது" என்றார்.

அக்கா பானையை இறக்கினாள். சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

கிராணியின் சாக்குகளை நிரப்பிப் படகில் ஏற்றினோம். தேங்காய்கள் வசதியாக உட்கார்ந்தன. நாங்கள் அவற்றின்மேல் உட்கார்ந்தோம். திரும்பும்போது அலை அடங்கியிருந்ததால் மண்டோரம்மாவுக்கு வாளி தேவைப்படவில்லை. அதுதான் அவருக்கு வந்த வினை. படகு துறையை விட்டது. மணல் திட்டை ஒட்டிப் போனது. பிறகு பால் வழிந்த பக்கமாகவே நேராக ஓடியது. கொஞ்ச நேரத்தில் மழைக்குள்ளிருந்து முன்னால் கரை வந்தது. கலங்கரை விளக்கம் நிற்கிற குன்று, மண்டோரம்மா தினமும் ஏறிய அதே குன்று வந்தது.

நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

"படகு வளைஞ்சு வந்திருக்கு" என்றார்.

அம்மா மழையோடு மழையாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். படகின் முன்னால் அந்தக் காக்கி முதுகு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கேட்டில்

கேட்டில் பாதி லயம் கூடியிருந்தது. குழாயடியில் மூக்கைப் பொத்துகிறவள் முன்வரிசையில் நின்றாள். மண்டோரும் இருந்தார். அப்பா இருந்தார், எல்லாருக்கும் பின்னால்.

சோதனை போடுகிற பெண் காலிப் பானைக்குள் கையை விட்டு, அடிப்பிடித்ததைச் சுரண்டிப் பார்த்தாள். அவளுக்கே பொறுக்கவில்லை. "பொங்குச்சா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் மண்டோரம்மா சத்தமாகச் சொன்னார்.

"பொங்குச்சு. மேக்கே."

ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். மண்டோர் தரையைப் பார்த்தார். அவர் கொடுத்த வாக்கைவிட்டு மரியாதையாக இறங்க அவருக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது. அக்கா பானையைத் திருப்பி வாங்கிக்கொண்டு லயத்தின் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"கிழக்கு ஆத்தா."

சின்னக் குரல்தான். யார் என்று எல்லாரும் தேடினார்கள். ரெங்கசாமி கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி எங்கோ போய்விட்டது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"என்னடா?"

"கிழக்கேதான் பொங்குச்சு. நாம வந்த பக்கம். நான் முன்னால உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே வந்தேன்."

"உன்னை யாருடா கேட்டா?"

"யாரும் கேக்கலை" என்றார். "அங்க கேட்டாங்க, நான் சொல்லலை. கட்டிக்கப் போறவன் நான்தானே. அதான் சொல்றேன். கிழக்கு."

அவர் துப்பாக்கியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். குளிர் என்று அவர் பிற்பாடு சொன்னார். குளிர் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் மண்டோர்தான் சிரித்தார். அவர் சிரிக்கலாம் என்றதும் லயமே சிரித்தது. அக்கா நடையை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பானையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மண்டோரம்மா மகனைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். கடைசியில் அக்காவின் முதுகைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"கடலையே தூக்கிக் கிழக்கே வச்சவ. எம்புள்ளையைத் திருப்புறதா கஷ்டம்?"

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதைவிட நல்ல வார்த்தை அவரிடமிருந்து எங்களுக்குக் கிடைக்காது என்று அம்மாவுக்குத் தெரியும். அதையே தாம்பூலம் மாற்றியதாக வைத்துக்கொண்டு, மறுநாளே கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போனார்.